சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தவர்

கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் பெயரைக் கேள்விப்படாத ஒருவர் எமது கல்லூரியில் கணிதம் படித்தவருள் இருக்க முடியாது. வாடகைக் காரின் இலக்கம் பற்றிய கதையும், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் தந்த கதையும் பரிசளிப்பு விழாப் பேச்சுகளில் ஆண்டுதோறும் வந்து போனவை. அவற்றை இம்மலரில் மீண்டும் சொல்லாமல் விடுகிறோம். அவரை ஒரு கணக்காளராகவே இங்கு காட்ட விரும்புகிறோம். நீண்ட கணக்குக்குக் குறுகிய வழி தேடியவர் அவர். இன்று கணனிகள் மாதக்கணக்கில் ஓடிப் பேரெண்களைக் கணிக்கும்போது கையாளும் வழிகளுள் சில, கும்பகோணத்திலும் சென்னையிலும் ஒரு கற்பலகையில் தொடங்கியவை.

இராமானுஜன் 1887 டிசெம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில், தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் ஒரு புடைவைக் கடையில் கணக்கெழுதினார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பசனைப் பாடல் பாடுவார். வறுமை என்று சொல்லிக்கொள்ளாத வறுமை. எமது ஊரில் பலருக்கும் பழக்கமானதுதான். நகர உயர்தரப் பாடசாலையில் பரிசுகள் பெற்ற பையனுக்குப் பதினாறு வயதளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கிடைத்தது. பரீட்சைக்குப் படிப்போருக்காக எழுதப்பட்ட அந்நூலில் சில ஆயிரம் முடிவுகள் வரிசையாக நின்றன. நிறுவல்கள் மிகச் சுருக்கம், பல இடங்களில் இல்லை. அவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதில் அவர் தம்மை மறந்தார். மற்றப் பாடங்களையும் மறந்தார். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கிடைத்த புலமைப்பரிசில் அடுத்த ஆண்டே பறிபோயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கணிதத்தில் மட்டும் சிறந்து மற்றவற்றில் தவறிய அவர் இன்று எமது உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியிருந்தாலும் இசட் புள்ளி அவரை எந்தப் பல்கலைக்கழக வாசலிலும் விட்டிராது. இதை எழுதும் எங்களுள் ஆசிரியர்களாயிருந்தவர்களும் உண்டு. ஆகவே இதை இவ்வளவில் நிறுத்துகிறோம்.

கடதாசி விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. சிலேட்டில் எழுதுவார்; துணி எடுத்துத் துடைக்கும் நேரமும் வீண் என்று முழங்கையால் அழிப்பார்; முடிவு வந்ததும் அதை மட்டும் குறிப்பேட்டில் பதிவார். செய்கை வழி காட்டாத விடைக்குப் புள்ளி இல்லை என்று எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியைகள் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! இராமானுஜனின் குறிப்பேடுகள் முழுவதும் செய்கை வழி இல்லாத விடைகள்தாம். அவருக்குப் பின் வந்த நூறாண்டுக் கணிதத்தின் ஒரு பகுதி, அழிந்துபோன அந்தச் செய்கை வழிகளைத் தேடுவதிலேயே கழிந்திருக்கிறது.

விரைவாகக் கணித்தல் தமிழருக்குப் புதிதன்று. கொக்குவிலிலிருந்து வரும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் இல்லாத வீடு குடாநாட்டில் குறைவு. அந்த முறையில் சந்திரனின் நிலையைக் காண 248 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் எழுத்துக்குள் எண்ணை ஒளித்து வைத்திருக்கும். நாட்களை எண்ணி, உரிய வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்து, சில கூட்டல் கழித்தல் செய்தாற் போதும். நீண்ட கணிதத்தை ஒரு முறை செய்து, அதன் பயனை மனப்பாடமாக்கி வைத்தனர் முன்னோர். 1825இல் வெளிவந்த தம் நூலில் வாறன் என்னும் படை அதிகாரி, தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோகிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனத்திலிருந்தே எடுத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தைப் பதிவு செய்திருக்கிறார். விரைவுக்கு ஒரு விலையும் உண்டு. வாக்கியமும் திருக்கணிதமும் ஒரே விரதத்துக்கு இரு நாட்களைச் சொல்லும் ஆண்டுகளில் எங்கள் வீடுகளில் எழும் வாக்குவாதம் யாவரும் அறிந்ததே. குறுக்கு வழி எவ்வளவு நம்பகமானது என்ற கேள்வி இராமானுஜனின் வாழ்விலும் வருகிறது.

1909 ஜூலை 14ஆம் திகதி அவருக்கும் ஜானகிக்கும் திருமணம் நடந்தது. மணமகளுக்குப் பத்து வயதளவில் இருக்கும். பிழைப்புத் தேடி அலைந்த கணவருக்கு நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா கொடுத்து உதவினார். 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் அவரது முதற் கட்டுரை வெளிவந்தது. அது பெர்னூலி எண்கள் பற்றியது. ஒன்றிலிருந்து மற்றொன்றாகக் கணித்துச் செல்ல வேண்டிய இவ்வெண்கள் போகப்போகப் பெருத்துக் கையை ஒடிக்கும். இராமானுஜன் இடையிலுள்ள பலவற்றைத் தாண்டிச் செல்லும் வழிகளைக் கொடுத்தார். இதே எண்களைப் பொறியால் கணிப்பதற்கான படிமுறையை 1843இல் எழுதி வெளியிட்டவர் ஏடா லவ்லேஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. உலகின் முதற் கணனிச் செய்நிரல் என்று பலர் கொள்வது அதையே. பொறி மட்டும் அப்போது கட்டி முடிக்கப்படவில்லை.

1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாவுக்கு இலிகிதர் வேலை கிடைத்தது. மேலதிகாரி நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். மாலையில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்வார்கள். 1913 ஜனவரி 16ஆம் திகதியிட்ட கடிதம் ஒன்று கேம்பிறிட்ஜிலிருந்த ஹார்டிக்குச் சென்றது. மருதனார்மடத்தில் இராமநாதன் மகளிர் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். கடிதத்தில் செய்கை வழியற்ற விடைகள் பக்கம் பக்கமாக இருந்தன. ஹார்டி அவற்றைக் குப்பைக் கூடையில் போடவில்லை. அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா வழங்கியது. 1914 மார்ச் 17ஆம் திகதி இராமானுஜன் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். ஜானகி மாமியாருடன் ஊரில் இருந்தார்.

இங்கிலாந்தில் முதலாண்டிலேயே வெளிவந்த ஒரு கட்டுரை எமது பொருளுக்கு முக்கியமானது. பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான பையின் பெறுமானத்தைக் கணிக்கும் பதினேழு தொடர்களை அவர் அதிற் கொடுத்தார். இதன் அருமையை உணரப் பழைய தொடர் ஒன்றோடு ஒப்பிடுவோம். 1இலிருந்து மூன்றிலொன்றைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, ஏழிலொன்றைக் கழித்து என்று முடிவின்றிச் சென்றால் பையின் காற்பங்கு வரும். பதினான்காம் நூற்றாண்டுக் கேரளத்தில் மாதவர் கண்ட தொடர் இது. அழகானது, ஆனால் ஆமை வேகம். ஆறு தசமதானம் சரியாக வருவதற்குப் பத்து இலட்சம் உறுப்புகள் வரை கூட்டவேண்டும். இராமானுஜன் தந்த தொடர்களுள் ஒன்றின் முதல் உறுப்பை மட்டும் எடுங்கள். 8இன் வர்க்கமூலத்தை 1103ஆல் பெருக்கி, வருவதால் 9801ஐ வகுத்தால் 3.14159273 வரும். பையின் பெறுமானம் 3.14159265. ஒரே உறுப்பில் ஆறு தசமதானம் சரி! பின்னர் சேர்க்கும் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைத் தரும். அந்த 1103 எங்கிருந்து வந்தது என்பதை அவர் முழுமையாக விளக்கவில்லை.

1915இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, தமக்கு முந்திய எண்கள் எல்லாவற்றையும்விடக் கூடிய காரணிகளைக் கொண்ட எண்களைப் பற்றியது. 12, 24, 36, 48, 60 என்பன அவ்வகையின. நாளுக்கு 60 நாழிகை, டசினுக்கு 12 என்று பழையோர் வைத்தது எளிதிற் பங்கிடுவதற்கே. இராமானுஜன் ஏழு இலட்சம் கோடிக்குச் சற்றுக் குறைந்த ஓர் எண்வரை சென்று, இத்தகைய 102 எண்களைக் கையாற் பட்டியலிட்டார். ஒன்றே ஒன்றைத் தவறவிட்டார்: 293318625600. மனித உழைப்பு என்பதற்கு இந்த ஒரு தவறு போதிய அத்தாட்சி.

இனி, கூறாக்கல். 5 என்ற எண்ணை முழுவெண்களின் கூட்டாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 5, 4, 1, 3, 2, 3, 1, 1, 2, 2, 1, 2, 1, 1, 1, ஐந்து ஒன்றுகள். ஆக ஏழு விதம். சிறுமிகள் புளியங்கொட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 10க்கு 42 விதம். 100க்கு 19 கோடிக்கு மேல். 200க்கு நான்கு இலட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. எண்ணிப் பார்த்து முடியாது. ஒயிலர் கண்ட ஒரு வழியில், முந்திய விடைகளைச் சில இடங்களில் கூட்டியும் கழித்தும் அடுத்ததைப் பெறலாம். 6க்கு வேண்டுமானால் 5க்குரிய 7ஐயும் 4க்குரிய 5ஐயும் கூட்டி 1ஐக் கழிக்க 11. இவ்வழியைப் பிடித்து மேஜர் மக்மாகன் என்பவர் 1 முதல் 200 வரை அட்டவணை போட்டார். ஒரு படியில் பிழைத்தால் அதற்குப் பிந்தியவை எல்லாம் பிழைக்கும், அவர் பிழைக்கவில்லை.

இராமானுஜனும் ஹார்டியும் கேட்ட கேள்வி வேறு. 199 படிகளையும் ஏறாமல் 200க்கு நேரே போக முடியுமா? 1918இல் வெளிவந்த அவர்களது சூத்திரம் அதைச் செய்தது. அதன் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது 200க்கு வந்த விடை 3972999029388.004. மக்மாகனின் அட்டவணையில் இருந்தது 3972999029388. அந்தத் தசமத் துளியைத் தட்டிவிட்டால் இரண்டும் ஒன்று. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு உடல் சிலிர்க்கும். மாதக்கணக்கான பொறுமையான கூட்டலும் ஓர் எதிர்பாராத குறுக்கு வழியும் பதின்மூன்று இலக்கங்களில் ஒரு புள்ளியில் வந்து சந்தித்த இடம் அது. மக்மாகன் இல்லையேல் அந்தச் சூத்திரத்தின் வலிமையை அவ்வளவு விரைவில் எவரும் நம்பியிருக்கமாட்டார்கள். மேதையின் பெயரை உலகம் நினைவில் வைக்கிறது. அட்டவணை போட்டவரையும் நாம் நினைக்கவேண்டும்.

அதே அட்டவணையை உற்றுப் பார்த்து இராமானுஜன் வேறொன்றையும் கண்டார். 4இல் அல்லது 9இல் முடியும் எந்த எண்ணுக்கும் கூறாக்க விடை 5ஆல் மீதியின்றி வகுபடும். 4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490. 7க்கும் 11க்கும் இவ்வாறே ஒழுங்குகள் உண்டு என்று காட்டியவர், அவற்றின் வலுக்களுக்கும் இது பொருந்தும் என்று ஊகித்தார். அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளின் பின்னர், பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டியிருந்தார். 1934இல் சாவ்லா என்ற கணிதர் அதைப் பார்த்தபோது, ஊகத்தின்படி 243க்கான விடை 343ஆல் வகுபட வேண்டும், வகுபடவில்லை. ஒரு வகுத்தற் கணக்கு மேதையின் ஊகத்தை மறுத்துவிட்டது! ஊகம் திருத்தப்பட்டது. 7க்குரிய திருத்திய வடிவத்தை 1938இல் வாட்சன் நிறுவினார். 11க்குரியதை அற்கின் 1967இல் நிறுவினார். இதனால் இராமானுஜனின் புகழ் குறைந்ததாக நாம் கருதவில்லை. தெய்வம் தந்த வாக்கு என்று தொழுது விட்டிருந்தால் அந்தத் திருத்தம் வந்திராது.

போர்க்காலத்துக் கேம்பிறிட்ஜில் மரக்கறிச் சாப்பாட்டைத் தாமே சமைத்து உண்ட அவர் 1917 முதல் நோயாளியானார். 1918இல் றோயல் சங்கத்தின் அங்கத்துவமும், திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வுப் பதவியும் வந்தன. 1919 மார்ச் மாதம் பம்பாயில் இறங்கியபோது உடல் உருக்குலைந்திருந்தது. காசம் என்று வைத்தியம் செய்தார்கள். பிற்கால மருத்துவர் சிலர் ஈரலைப் பற்றிய அமீபா நோய் என்று கருதுகிறார்கள். கடைசி ஓராண்டிலும் சிலேட்டையும் தாளையும் அவர் விடவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

கடைசி ஆண்டின் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக ஹார்டியிடமும், பின்னர் வாட்சனிடமும் போய்ச் சேர்ந்தன. வாட்சன் 1965இல் மறைந்தபின், அவரது அறையில் நிலமெங்கும் குவிந்திருந்த தாள்கள் இன்னும் சில நாட்களில் எரிக்கப்பட இருந்தன. விற்றாக்கர் என்பவர் அங்கு சென்றிருந்த வேளையில் அக்குவியலிலிருந்து எடுத்த கட்டுகளில் ஒன்றாக அவை தப்பின. திரினிற்றி நூலகத்தில் மீண்டும் எட்டாண்டுகள் கிடந்து, 1976இல் அன்ட்றூஸ் என்ற அமெரிக்கக் கணிதர் கண்ணிற் பட்டன. நூறுக்கு மேற்பட்ட பக்கங்கள், அறுநூறு அளவான சூத்திரங்கள், செய்கை வழி இன்றி. 1981இல் நூலகம் எரிந்ததைக் கண்ட எமது ஊரில் இந்தச் செய்தியை வாசிக்கும் எவரும் ஒரு கணம் நிற்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

பைக்கான அந்தத் தொடரோ அச்சில் இருந்தபடியே எழுபது ஆண்டுகள் உறங்கிற்று. 1985இல் கொஸ்பர் என்ற அமெரிக்கர் அதைக் கணனியில் இட்டு ஒரு கோடியே எழுபத்தைந்து இலட்சம் இலக்கங்களைக் கணித்தார். அத்தொடர் சரியென்று அன்றுவரை எவரும் முழுதாக நிறுவியிருக்கவில்லை. யப்பானியர் வேறு வழியாற் கணித்திருந்த இலக்கங்களோடு இவை ஒத்துவந்தபோது, 1103 என்ற எண் சரியென்பதற்கு அதுவே முதற் சாட்சியாயிற்று. முறையான நிறுவல் போர்வைன் சகோதரர்களிடமிருந்து அதன் பின்னரே வந்தது. சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் அதே வழியிற் சென்று, உறுப்பொன்றுக்குப் பதினான்கு இலக்கம் தரும் தொடரை அமைத்தார்கள்.

நல்ல தொடர் மட்டும் போதாது; கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களைப் பெருக்கவும் வேண்டும். பாடசாலைப் பெருக்கலில் ஈரிலக்க எண்கள் இரண்டுக்கு நான்கு பெருக்கல் தேவை. 1960இல் கரட்சூபா என்ற இருபத்துமூன்று வயது ரஷ்ய மாணவர் மூன்று போதும் என்று கண்டார். 23ஐ 41ஆல் பெருக்குவோம். 2ஐ 4ஆல் பெருக்க 8. 3ஐ 1ஆல் பெருக்க 3. இலக்கங்களைக் கூட்டி 5ஐ 5ஆல் பெருக்க 25. அதிலிருந்து 8ஐயும் 3ஐயும் கழிக்க 14. எனவே 800, 140, 3; மொத்தம் 943. ஒரு பெருக்கல் மிச்சம் அற்பமாகத் தோன்றும். எண்ணைப் பாதி பாதியாகப் பிரித்து ஒவ்வொரு படியிலும் இம்மிச்சம் பிடித்தால், பேரெண்களில் ஆண்டுகள் நாட்களாகும். இதையும் விஞ்சிய முறைகள் பின்னர் வந்தன. அவற்றின் துணையோடு 2022இல் கூகிள் நிறுவனத்தில் பணியாற்றிய எமா ஹருகா இவாவோ என்ற யப்பானியப் பெண் பொறியியலாளர், சுட்னோவ்ஸ்கி தொடரைக் கொண்டு பையை 157 நாட்கள் ஓடவிட்டுக் கணித்தார். ஒரு கோடியைக் கோடியாற் பெருக்கினால் எவ்வளவோ அவ்வளவு இலக்கங்கள். கூறாக்கற் சூத்திரமும் வளர்ந்தது: ரடமாகர் 1937இல் அதைத் துல்லியமாக்க, 2014இல் யொஹான்சன் என்பவர் 1ஐ அடுத்து இருபது பூச்சியங்கள் கொண்ட எண்ணுக்கு விடை கண்டார். விடையின் நீளம் மட்டும் 1100 கோடி இலக்கங்களுக்கு மேல்.

ஒரு பழைய மாணவிகள் மலரில் ஜானகி அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. கணவர் இங்கிலாந்தில் இருந்த ஐந்தாண்டுகளில் மாமியார் மருமகள் பிணக்கினால் கடிதங்கள் உரியவரிடம் சேரவில்லை. அவர் திரும்பி வந்தபின் கணவரோடு கூடி வாழக் கிடைத்தது ஓராண்டு. அதுவும் நோயாளிக்கு ஒத்தடம் கொடுத்த ஓராண்டு. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்வரை அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைப் பின்னாளில் உலகுக்குச் சொன்னவர் இவரே. இருபதைத் தாண்டிச் சிறிது காலத்தில் கைம்பெண்ணான அவர், பல்கலைக்கழகம் கொடுத்த சிறு உதவித்தொகையோடு தையல் பழகி, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்தும் சொல்லிக் கொடுத்தும் தம் காலில் நின்றார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துப் படிப்பித்தார்.

கணவருக்குச் சிலை வைப்பதாகப் பலர் வாக்களித்தும் நிறைவேறவில்லை என்பது அவரது மனக்குறை. அதைக் கேள்வியுற்ற அமெரிக்கக் கணிதர் அஸ்கி உலகெங்குமுள்ள கணிதரிடம் பணம் சேர்த்தார். போல் கிரான்லண்ட் என்ற சிற்பி, கடவுச்சீட்டுப் படத்தை வைத்து இராமானுஜனின் மார்பளவு வெண்கலச் சிலையை வார்த்தார். சில படிகள் வார்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1980களில் ஜானகி அம்மாளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர் 1994 ஏப்ரல் 13ஆம் திகதி காலமானார்.